நுனி கிள்ளியவள்

நுனி இல்லை. பக்கத்துச் செடியை வளைத்துப் பார்த்தாள். அதிலும் இல்லை. குனிந்தபடியே வரிசை நெடுக நடந்தாள். முழங்கால் உயரத்துக்கு வந்திருந்த தண்டுகள் எல்லாவற்றிலும் தலை போயிருந்தது. ஆடு கடித்திருந்தால் நார் பிய்ந்து தொங்கும். புழு என்றால் இலையிலும் ஓட்டை விழுந்திருக்கும். இது விரலின் வேலை. கட்டை விரல் நகத்தை வைத்து, நிதானமாக, ஒவ்வொன்றாகக் கிள்ளியது. குழாயடி ஓரத்தில் நாலைந்து செடிகள் மட்டும் தப்பியிருந்தன. கிள்ளிக்கொண்டே வந்த ஆள் கதவுச் சத்தம் கேட்டு ஓடிப்போயிருக்க வேண்டும்.

கிள்ளிப் போட்டதைத் தரையில் தேடினாள். அதையும் காணவில்லை. பொறுக்கி எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது.

யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வரிசைக்கு அந்தப் பக்கம் இருந்தது அவளுடைய ஓரகத்தி, கணவனுடைய தம்பியின் மனைவி. மாமியார் இருந்த காலத்தில் இவள் பெரியவள், அவள் சின்னவள். மாமியார் போன பிறகும் அந்தப் பெயர்கள் போகவில்லை. தெருவில் பெரியவளுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. தீக்குச்சி. ஒல்லி, உயரம், உரசினால் போதும். அந்தப் பெயரை அவள் காதுபடச் சொன்னவர் எவரும் இல்லை. ஆனால் தெருவிளக்கு வாரக்கணக்கில் எரியாமல் இருந்தால் அவளைத்தான் கூட்டிக்கொண்டு நகராட்சி ஆபீஸுக்குப் போவார்கள். அவள் மேசைமுன் நின்று இரண்டு நிமிஷம் பேசினால் அன்று சாயங்காலமே ஏணியோடு ஆள் வருவான். வெளிச்சம் வந்ததும் ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள்.

வீடு ஒன்றுதான். நடுக்கூடத்தில் செங்கல் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருந்தார்கள். அந்தச் சுவரைப் பின்தோட்டத்துக்கும் நீட்டத்தான் பெரியவள் நினைத்தாள். முடியவில்லை. தோட்டத்தின் நட்டநடுவில் இரண்டு வீட்டுக் கழிவுநீரும் போகும் குழாய் ஓடியது. அதன்மேல் அஸ்திவாரம் தோண்டக்கூடாது என்றார் கொத்தனார். மூங்கிலோ செம்பருத்தியோ வைக்கலாமா என்று கேட்டதற்கு, வேர் குழாய்க்குள் இறங்கினால் மொத்தமும் உங்கள் குளியலறை வழியாகத்தான் திரும்பி வரும் என்றார் பிளம்பர். தகரம் கட்டிப் பார்த்தாள். ஒரே காற்றில் அது தெருமுனை வரை போய்விட்டது. பச்சை வலை கட்டினாள். வெயிலில் நைந்து, சின்னவள் உலர்த்தும் துணி எது, கிழிந்த வலை எது என்று தெரியாமல் தொங்கியது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பின்கதவைத் திறந்தால் அந்த முகம் கண்ணில் படக்கூடாது.

பெரியவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஆளுயர உருளைகள் நீராவியில் கொதித்துக்கொண்டு சுற்றும். ஈரப் படுக்கை விரிப்பை இந்த முனையை ஒருத்தியும் அந்த முனையை ஒருத்தியும் பிடித்து, சுருக்கம் விழாமல், விரலும் சிக்காமல் உள்ளே விட வேண்டும். இழுப்பில் ஒருத்தி தளர்ந்தாலும் விரிப்பு கோணிக்கொண்டு வரும். இவளுக்கு மறுமுனை பிடிக்கிறவளை லோலாக்கு என்று கூப்பிடுவார்கள். வேலைக்கு வந்த முதல் நாள் காதில் லோலாக்கு தொங்க வந்து, உருளையில் மாட்டினால் காதோடு போய்விடும் என்று மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கியவள். அதற்குப் பிறகு அவள் ஒரு பொட்டுத் தோடுகூடப் போட்டதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உருளை ஓடும் இடத்துக்குள் போன் கொண்டு போகக் கூடாது. அவசரம் என்றால் மேற்பார்வையாளரின் மேசைக்குத்தான் வர வேண்டும். பெரியவளின் கணவனுக்கு நெஞ்சில் கோளாறு. பஸ் கண்டக்டர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருந்தான். பகலில் அவனைப் பார்த்துக்கொண்டது சின்னவள்தான். அவள் வீட்டிலேயே ஆயத்தச் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவள். பொத்தானையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வாள். அவன் டிக்கெட் கொடுத்த கதைகளைச் சொல்வான். அவள் நூலைக் கடித்தபடி கேட்பாள்.

ஒருநாள் மேற்பார்வையாளரின் மேசைக்குப் போன் வந்தது. மூச்சு வாங்குகிறது, உடனே வாருங்கள் என்றாள் சின்னவள். விரிப்பைப் பாதி உருளையில் விட்டுவிட்டுப் பெரியவள் ஓடினாள். வீட்டில் அவன் நாற்காலியில் சாய்ந்து, தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தான். வந்தது போய்விட்டது என்றான். நனைந்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அதை விரலால் எடுக்கப் பார்த்தான்.

உருளையில் சிக்கிய விரிப்பு கருகி, மதியம் வரை இயந்திரம் நின்றுவிட்டது. இன்னொரு தடவை இப்படிப் போனால் வார்டு கழுவ மாற்றிவிடுவேன் என்று மேற்பார்வையாளர் சொல்லியனுப்பியிருந்தார். அன்று பெரியவள் தோட்டத்தில் நின்று சின்னவளைப் பேசிய பேச்சு தெருவுக்கே கேட்டது. மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. கடைசியாகச் சொன்னது மட்டும் நின்றது.

"இனிமே உசுரு போனாத்தான் எனக்குப் போன் வரணும். புரியுதா?"

சின்னவள் தலையாட்டினாள். உள்ளே நாற்காலியில் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த போன் சில வாரம் கழித்து வந்தது. மேற்பார்வையாளர் ரிசீவரை நீட்டிய முகத்தைப் பார்த்ததுமே இவளுக்குப் பற்றிக்கொண்டது. வாங்கிக் காதில் வைத்து, "என்ன, உசுரு போயிடுச்சா?" என்றாள்.

"ஆமாக்கா" என்றாள் சின்னவள்.

காலையிலேயே தொடங்கிவிட்டது என்று வந்து பார்த்த டாக்டர் பிறகு சொன்னார். இவள் வேலைக்குக் கிளம்பிய சிறிது நேரத்திலேயே. மத்தியானம் வரை இழுத்திருக்கிறது. தம்பிக்காரன் வேன் ஓட்டுகிறவன், சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். கூட இருந்தது சின்னவள் மட்டும். அத்தனை நேரமும் போன் அவள் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆஸ்பத்திரி நாலு தெரு தள்ளி. ஓடி வந்திருக்கலாம். முகத்தையாவது பார்த்திருக்கலாம்.

அன்றிலிருந்து பெரியவள் சின்னவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வருஷம் ஆகிவிட்டது. தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் பொது என்பதால் பேச வேண்டியதெல்லாம் கொழுந்தன் வழியாகப் போய் வந்தது. "அண்ணி, மோட்டார் போடவான்னு கேக்கறா" என்று அவன் வந்து நிற்பான். "போடச் சொல்லு" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவ்வளவும் கேட்டிருக்கும். இருந்தாலும் அவன் போய் ஒரு தடவை சொல்ல வேண்டும்.

கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் லோலாக்கிடம் மட்டும், உருளைச் சத்தத்தில் பாதி அமுங்கிப்போகும்படி, ஒரே ஒரு முறை சொன்னாள். அந்தக் காலை முழுக்க அவன் என்ன சொன்னான், தன்னைக் கேட்டானா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் மூஞ்சியில் முழிப்பதில்லை என்று இருக்கும்போது எப்படிக் கேட்பது?

அவனுடைய தோல் செருப்பு பின்கதவுக்கு உள்பக்கம், துடைப்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சாவதற்குக் கொஞ்சம் முன்னால் வாங்கியது. வாரம் ஒருமுறை தூசி தட்டி அதே இடத்தில் வைப்பாள். அவன் செருப்பை எப்போதும் வாசலில்தான் கழற்றிப் போடுவான், உள்ளே யார் கொண்டுவந்து வைத்தது என்று இவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

செடிக்கு வருவோம். வலை நைந்த பிறகு பெரியவள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனாள். கயிறு சின்னவளின் உயரம், அதற்கு மேல் ஒரு முழம். கொழுந்தனைக் கதவு நிலையருகே நிறுத்தி, உன் பொண்டாட்டி உன் காதுவரை வருவாளா மூக்குவரை வருவாளா என்று கேட்டு அளந்தது. எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

"இவ்வளவு உயரம் வரணும். வேர் ஆழமாப் போகக்கூடாது. வருஷா வருஷம் தோண்டி நடறதெல்லாம் என்னால ஆகாது" என்று நர்சரிக்காரரிடம் கயிற்றைக் கொடுத்தாள்.

அவர் கயிற்றைத் தொங்கவிட்டுப் பார்த்தார். பிறகு தட்டில் இருந்த நாற்றுகளைக் காட்டினார். சொரசொரப்பான இலை, சதுரத் தண்டு, விரல் நீளம்கூட இல்லை. ஊதா வெர்பினா என்றார். ஆள் உயரம் தாண்டும், முட்டுக் கொடுக்க வேண்டாம், காற்றில் ஆடுமே தவிர விழாது, பூத்து ஓய்ந்ததும் அடியோடு வெட்டிவிட்டால் அதே வேரிலிருந்து மறுபடி கிளம்பும், விதை விழுந்து பக்கத்திலும் முளைக்கும். அவர் சொன்னதில் ஒரு பொய் கிடையாது.

செடிகள் கயிற்றைத் தாண்டின. ஆனால் இலைகளெல்லாம் முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிட்டன. அதற்கு மேலே வெறும் தண்டு. கம்பி போல நிமிர்ந்து போய், உச்சியில் கவட்டை கவட்டையாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பொத்தான் அளவு ஊதாப் பூங்கொத்து. நடுவில் ஒன்றுமே இல்லை. காற்று போனது, வெயில் போனது, பார்வை போனது. பூக்களுக்கு நடுவே சின்னவள் துணி உலர்த்துவது, பாத்திரம் கழுவுவது, தலை வாருவது எல்லாம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. முன்பாவது அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கலாம். இப்போது பட்டாம்பூச்சி வந்து உட்காரும். கண் தானாகப் போகும். பட்டாம்பூச்சிக்குப் பின்னால் சின்னவளின் முகம் இருக்கும்.

பெரியவள் நர்சரிக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தாள்.

"உயரம் கேட்டீங்க, குடுத்தேன். மறைக்கணும்னு சொல்லலியே" என்றார் அவர்.

"ஆள் உயரத்துக்குக் கயித்தை அளந்துட்டு வர்றவ எதுக்கு வருவா? தூக்கு மாட்டிக்கவா?"

அந்தச் சந்தேகமும் எனக்கு வந்தது, கேட்க பயமாக இருந்தது என்றார் அவர். அவரைத் திட்ட அதற்குமேல் அவளிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

சலவைக்கூடத்தில் இதைச் சொன்னபோது லோலாக்கு விரிப்பின் முனையை நழுவவிட்டுச் சிரித்தாள். "கதவு வாங்கப் போயி ஜன்னல் வாங்கிட்டு வந்திருக்கே" என்றாள். பெரியவள் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. பேசாமலே ஐந்நூறு விரிப்பு தேய்த்தார்கள். ஒன்றுகூடக் கோணவில்லை.

பிடுங்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை. தோற்றதாக ஆகிவிடும் என்று இருந்தது. பூ முடிந்ததும் அரிவாளை எடுத்து ஒரு சாண் விட்டு மொத்தத்தையும் வெட்டித் தள்ளினாள். வெட்டிய வேகத்தைப் பார்த்தவர்கள் அதோடு செடி ஒழிந்தது என்று நினைத்திருப்பார்கள். இரண்டு வாரத்தில் அடியில் பச்சை கிளம்பியது. போன வருஷம் ஒரு தண்டு இருந்த இடத்தில் நாலு. வேலைக்குப் போகுமுன் ஒரு வாளி, வந்ததும் ஒரு வாளி ஊற்றினாள். நாலு தண்டு என்றால் கொஞ்சமாவது மறைக்காதா என்று ஒரு கணக்கு. ஒவ்வொரு நாளும் குனிந்து பார்ப்பாள். இந்த வருஷம் மூடிவிடும் என்று நம்பத் தொடங்கியிருந்தாள்.

அந்தச் செடிகளுக்குத்தான் தலை இல்லாமல் போயிருந்தது.

ஒரு தண்டை ஒடித்துக் கைக்குட்டையில் சுற்றி, வேலைக்குப் போகிற வழியில் நர்சரியில் நுழைந்தாள். ஒருவர் வேண்டுமென்றே செய்தது என்று அவர் வாயால் வர வேண்டும். பிறகு கொழுந்தனை நிற்க வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

நர்சரிக்காரர் தண்டைத் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் கிள்ளியிருக்காங்க" என்றார்.

"நல்லா கிள்ளியிருக்காங்களா?"

நுனியைக் கிள்ளினால் செடி நேராக ஓடாது, பக்கத்தில் கிளைக்கும் என்று அவர் விளக்கினார். உயரத்தில் கொஞ்சம் குறையும், ஆனால் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இரண்டாகக் கிளம்பி நன்றாக அடைத்துக்கொள்ளும். போன வருஷம் நீங்கள் வந்து கத்தியபோதே சொல்லியிருப்பேன், நீங்கள் சொல்ல விட்டால்தானே என்றார். பிறகு, தண்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "போன வாரம் வந்தாங்களே, அந்தம்மாவா? உங்க வீட்டு ஆளுன்னு நெனச்சேன்" என்றார்.

"எந்தம்மா?"

குள்ளமாக ஒரு அம்மா. விரலில் ஊசி குத்திய தழும்பு. ஒரு கிளையைப் பையில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். இந்தச் செடி மறைப்பாக வர வேண்டும், கண்ணுக்கு அந்தப் பக்கம் தெரியக்கூடாது, என்ன செய்யலாம் என்று கேட்டார். எப்படிக் கிள்ளுவது என்று நான்தான் ஒரு தொட்டிச் செடியில் செய்து காட்டினேன். மெனக்கெட்டு வெயிலில் நடந்தே வந்திருந்தார் பாவம் என்றார் நர்சரிக்காரர்.

பெரியவள் வேலைக்குப் போனாள். அன்று அவள் பக்கத்து விரிப்பெல்லாம் இறுகி, லோலாக்கின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயின. என்ன ஆயிற்று என்று கேட்ட லோலாக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். லோலாக்கு நாலைந்து விரிப்புகளை உருளைக்குள் விட்டாள். பிறகு, நல்லதுதானே, உனக்கு வேண்டியதைத்தானே அவளும் செய்திருக்கிறாள், உனக்கு எதில் வருத்தம் என்று கேட்டாள்.

பெரியவளுக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. தன்னை அவளுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லையாம். மூன்று வருஷமாக இவள் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். அந்தப் பக்கம் ஒருத்தி தலை குனிந்து, ஒதுக்கி வைக்கப்பட்டவளாக நிற்கிறாள் என்ற நினைப்பில் நடந்தாள். நிற்கவில்லை. அவளும் திருப்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதற்கு அவளுக்கு என்ன பாத்தியதை?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் பின்கதவைத் திறந்தாள். சின்னவள் உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான். பெரியவள் வரிசையருகே போய் நின்றாள். செடிகள் அவள் முழங்காலைத்தான் தொட்டன. நடுவில் ஒன்றும் இல்லை.

"செடியைக் கிள்ளினது யாரு?"

மூன்று வருஷத்தில் அது முதல் வார்த்தை. கொழுந்தன் அது தன்னிடம் கேட்கப்பட்டது என்று நினைத்து நிமிர்ந்தான். இல்லை என்று தெரிந்ததும், "அண்ணி, சும்மா விடுங்க அண்ணி" என்று தொடங்கினான்.

"நீ உள்ள போ."

ஒரு கால் ஈரமும் ஒரு கால் சோப்புமாக அவன் உள்ளே போனான். போகச் சொன்னதற்கு நன்றி சொல்வது போல இருந்தது அவன் போன விதம்.

"நான்தான் கிள்ளினேன்" என்றாள் சின்னவள். ஒரு சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு?"

"யாரைக் கேக்கணும்? பாதி என் பக்கம்தான் சாயுது."

"தண்ணி ஊத்தறது நானு."

"ஊத்துங்க. நான் கிள்ளறேன். ரெண்டு பேருக்கும் வேண்டியது ஒண்ணுதானே? எனக்கும் இந்தக் கதவைத் தெறந்தா உங்க மூஞ்சி தெரியாம இருந்தா நல்லாருக்கும்."

"உனக்கென்னடி கோவம்?" என்றாள் பெரியவள். குரல் ஏறிவிட்டது. அடுத்த வீட்டு மாடியில் யாரோ பேச்சை நிறுத்தினார்கள். "கோவப்பட வேண்டியவ நானு. காலைலருந்து ஒரு மனுசன் இழுத்துக்கிட்டுக் கெடக்கறான். போன் பக்கத்துல இருக்கு. பொத்தான் தெச்சிக்கிட்டு உக்காந்திருந்தவ நீ. கோவம் உனக்கா?"

"ஏன், கோவம் உங்க வீட்டுச் சொத்தா?" சின்னவள் கத்தவில்லை. துணியைக் கொடியிலிருந்து இழுத்த இழுப்பில் கிளிப் தெறித்து எங்கோ விழுந்தது. "பொத்தான் தெச்சேனா? அவரு கையி ரெண்டும் என் கையில இருந்துச்சு. மடியில சாச்சு வெச்சிருந்தேன். தனியா. பக்கத்துல ஒரு ஆள் கெடையாது. உசுரு போனா கூப்பிடுன்னு சொன்னீங்க. போச்சு, கூப்பிட்டேன். போயிடுச்சான்னு நீங்க கேட்டது இன்னும் என் காதுல இருக்கு."

"கோவத்துல சொன்னா அப்படியே செஞ்சிடுவியா?"

"உங்ககிட்ட வேற எப்படிச் செய்யறது? டீ ஆறிப்போச்சுன்னா ரெண்டு நாளைக்குப் பேச்சு வாங்கணும்."

"நாலு தெருடி. ஓடி வந்திருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் கூப்பிடலை."

சின்னவள் துணிகளைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். உள்ளே போகத் திரும்பினாள். போகவில்லை.

"மாமாதான் வேணாம்னாரு" என்றாள்.

பெரியவள் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"போனை எடுத்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டாரு. வேணாம், அவ வந்தா கத்துவா, கொஞ்ச நேரம் நிம்மதியா இருந்துக்கறேன்னாரு. சரியாயிடும் சரியாயிடும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அதேதான். அப்புறம் நானும் எடுக்கலை."

"பொய்."

"பொய் சொல்றதா இருந்தா உங்க பேரைச் சொல்லிக்கிட்டே போனாருன்னு அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீங்களும் நல்லா அழுதிருப்பீங்க, நானும் நல்லவளா இருந்திருப்பேன். இதைச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க ஒவ்வொரு நாளும் கதவைத் தெறந்துக்கிட்டு வந்து என்னைப் பாக்கற பார்வை இருக்கே, ஒரு நாள் வாய் தவறி வந்துடும்னு பயம். அதுக்குத்தான் கிள்ளினேன். போதுமா?"

மாடியில் இருந்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். பெரியவள் கீழே பார்த்தாள். கிள்ளிய இடத்துக்குக் கீழே, இலைக்கும் தண்டுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் பச்சைப் புள்ளியாக ஏதோ கிளம்பியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். குரல் இன்னும் சண்டைக் குரலாகத்தான் இருந்தது, அதை இறக்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வேற என்ன சொன்னாரு?"

சின்னவள் யோசித்தாள்.

"தண்ணி கேட்டாரு. ஃபேனைக் கூட்டி வெக்கச் சொன்னாரு. அப்புறம் செருப்பு வெயில்ல கெடக்கு, தோல் காஞ்சிடும், உள்ள எடுத்துப் போடுன்னாரு. நான் எந்திரிச்சுப் போயி எடுத்துப் போட்டேன். வந்து பாத்தா போயிட்டாரு."

"நீ பக்கத்துல இல்லையா?"

"செருப்பை எடுக்கப் போனேன்னு சொல்றேனே."

"அப்ப நீயும் பாக்கலை."

"நானும் பாக்கலை" என்றாள் சின்னவள். அதை ஒத்துக்கொள்வதில் அவளுக்கும் ஒரு கோபம் இருந்தது. துணிகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொழுந்தன் உள்ளிருந்து ஏதோ கேட்பதும், அவள் அவன்மேல் எரிந்து விழுவதும் கேட்டது.

பெரியவள் இருட்டும்வரை தோட்டத்தில் நின்றாள். யார்மேல் என்று இல்லாமல் பற்களைக் கடித்துக்கொண்டு நின்றாள். நிம்மதியாக இருந்துகொள்கிறானாம். இத்தனை வருஷம் இவள் உருளையில் வெந்தது யாருக்காக, மாத்திரைக்கும் டாக்டருக்கும் ஓடியது யாருக்காக? கத்தினாள், ஆமாம். கத்தாமல் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி வாங்க முடிந்ததா? அவன் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டு இருப்பான். இவள் கத்தி வாங்கிக் கொடுத்த வைத்தியத்தில் உயிர் வைத்திருந்துவிட்டு, கடைசியில் சத்தம் பிடிக்கவில்லை என்று நழுவிப் போயிருக்கிறான், தெருவிளக்கு எரிந்ததும் நழுவுகிறவர்கள் மாதிரி. அதைச் சண்டை போட்டுக் கேட்கக்கூட ஆள் இல்லை. மூன்று வருஷக் கோபத்தையும் தப்பான வீட்டு வாசலில் இறக்கி வைத்தாயிற்று. இனி அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை தேநீர் போட்டுக் குடித்தாள். குப்பை வண்டி வந்தபோது பின்கதவுக்கு உள்ளே இருந்த செருப்பை எடுத்துக்கொண்டு போய் அதில் போட்டாள். புதிதாக இருக்கிறதே என்றான் வண்டிக்காரன். ஆமாம் என்றாள். அவன் அதைக் குப்பையிலிருந்து எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டான். வேலைக்குப் போனாள். முந்தின நாள் இரவு வார்டுகளில் இருந்து வந்த விரிப்புகள் அதிகம். லோலாக்கு ஒன்றும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சாயங்காலம் வந்து செடிகளுக்கு ஒரு வாளி ஊற்றினாள். குழாயடி ஓரத்தில் நாலைந்து செடிகள் கிள்ளாமல் நின்றன. அவற்றின் நுனிகளை நகத்தால் கிள்ளி வேரடியிலேயே போட்டாள். அந்தப் பக்கம் சின்னவள் சுவரோரம் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். பிறகு கொழுந்தன் வந்து, மோட்டார் போடவா என்று கேட்டான். போடச் சொன்னாள். தொட்டி நிறைந்ததும் நிறுத்தினார்கள்.